கூடத்திலே ஒரு கடல்

கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும், அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார்கள். எங்கள் இருவருக்கும் அந்தப் பழக்கம் இன்றளவும் போகவில்லை. ஒருவர் தூத்துக்குடியில் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர். மற்றவர் மண்டபத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் மீன்வலைகளுக்கிடையே வளர்ந்தவர். தொழில் எங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடமோ ஸ்ரீ சிட்டி.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், தமிழக எல்லையைத் தாண்டியதும் இருப்பது இந்தத் தொழில்நகரம். 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சத்தியவேடு, வரதையபாளையம் வட்டாரங்களின் மேட்டு நிலத்தில் எழுந்த ஊர். சத்தியவேட்டுப் பகுதிக்கும் தமிழுக்கும் உள்ள உறவு புதியதன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தில், செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் பல ஆந்திரத்தைச் சேர்ந்தன. அதன்பின் சித்தூர் மாவட்டமாக இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டமாயிற்று. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைகள் மட்டும் இடம் பெயர்ந்த ஊர் இது. இங்கே இடம் பெயர்ந்து வந்த எங்களுக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது.

கிழக்கே தடாவைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அதற்கும் அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அதற்கப்பால் வங்கக் கடல். இவ்வளவு அருகில் கடல் இருந்தும், எங்கள் வீட்டில் கடலின் வாடை இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான், 2023ஆம் ஆண்டு கோடை முடிவில், கூடத்தில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி வைப்பது என்று முடிவு செய்தோம். வெறும் மீன்தொட்டி அன்று. பவளப்பாறை ஒன்றின் சிறு பகுதியே வீட்டில் இருப்பதுபோன்ற தொட்டி. ஒன்பது வயது மகள் அதற்கு அன்றே பெயரும் சூட்டிவிட்டாள்: ‘நம்ம கடல்’.

நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் இதையும் அதுபோலவே எண்ணிவிடுவார்கள். நாங்களும் எண்ணினோம். தொட்டியின் அளவு நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்கிட்டால் 255 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, கல், மணல், நீர் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவுக்கு மேல் போகும் பாரம். தச்சர் செய்து தந்த மேசை அதைத் தாங்குமா என்று நாங்கள் நால்வராக அதன்மேல் ஏறி நின்று பார்த்ததும், மகன் அதன்மேலிருந்து குதித்து அடி வாங்கியதும் வேறு கதை.

முதல் கேள்வி நீரைப் பற்றியது. பழவேற்காட்டு ஏரி இதோ இருக்க, நான்கு குடம் முகந்து வந்தால் என்ன? முடியாது என்பதைச் சற்றுப் படித்த பிறகே அறிந்தோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. ஆனால் அதன் உப்பு ஒருநிலையில் நிற்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் கொணரும் வெள்ளத்தால் உப்புக் குன்றிவிடும். கோடையிலோ வற்றிச் சுண்டி, கடலையும் மிஞ்சிக் கரிக்கும். அதற்கேற்ப வாழப் பழகிய உயிர்களுக்கு அது வீடு. பாறை மீன்களுக்கோ அது நஞ்சு. அவை வாழும் கடலில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. ஆண்டு முழுவதும் அதில் பெரிய மாற்றம் இல்லை. மாறாமைதான் அவற்றின் வாழ்வு.

ஆகவே கடலை நாங்களே கரைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டுக் குழாயில் வருவதோ கடுநீர். அதை வடிகட்டி, அதில் கரைந்திருப்பன யாவும் நீங்கிய பின்னரே உப்பிட வேண்டும். கல்லும் மணலும் அடைக்கும் இடம் போக 220 லிட்டர். அதற்கு ஏறத்தாழ 8 கிலோ உப்பு. இந்தச் செய்தி தொலைபேசி வழியே தூத்துக்குடியை எட்டியது. எங்களுள் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமான பெரியவருக்குத் தாங்கவில்லை.

“ஏம்மா, உப்பு விளையிற ஊர்ல பிறந்துட்டு, டப்பாவுல அடைச்ச உப்பைக் காசு கொடுத்து வாங்குதியளாக்கும்?”

அவருக்கு மறுமொழி சொல்ல நாங்கள் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. படித்த பின்பு வியந்தோம். அளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. அதன் பின்னரே நாம் உண்ணும் உப்பு பூக்கிறது. எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் தங்கிவிடுகிறது, அதை வெளியேற்றிவிடுவார்கள். ஆக, நம் கைக்கு வரும் உப்பு கடலின் ஒரு பகுதியே; சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அது வழியிலே விட்டுவிட்டு வருகிறது. நமக்குச் சோற்றுக்கு அது போதும். ஆனால் ஓடு கட்டும் உயிர்களுக்கு வழியில் விட்டவைதாம் வேண்டும். இதைச் சொன்னபோது பெரியவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “அம்பது வருசமா அளத்தைப் பாத்திருக்கேன், அந்தக் கசப்புத் தண்ணிக்கு ஒரு வேலை இருக்குன்னு இப்பத்தான் தெரியுது” என்றார்.

நீர் ஆயிற்று, மணலும் செயற்கைக் கற்களும் வைத்தாயிற்று, பம்பும் ஓடியது. தொட்டி பளிங்குபோல் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவைக் கண்டு ஏமாந்ததுதான் நாங்கள் செய்த முதற்பிழை. பத்தாம் நாள், பிள்ளைகளின் நச்சரிப்புக்கும் எங்கள் ஆவலுக்கும் இணங்கி, மூன்று மீன்களைக் கொண்டுவந்து விட்டோம். நான்காம் நாள் காலையில் இரண்டு மிதந்தன.

பிழை எங்களுடையதே. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. கடலில் அது கரைந்து மறைந்துவிடும், தொட்டியில் தேங்கும். அதை உண்டு நைட்ரைட்டாக மாற்ற ஒருவகை நுண்ணுயிர் வேண்டும். நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற மற்றொருவகை வேண்டும். இவை கல்லின் நுண்துளைகளிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் நீர் உண்டு, கடல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் வருமுன் கண்ணுக்குத் தெரியாதவை வந்து வீட்டைப் பதப்படுத்த வேண்டும். மகள் அந்த இரண்டு மீன்களையும் தோட்டத்துச் செம்பருத்தியின் அடியில் புதைத்தாள். எங்களை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

எஞ்சிய ஒற்றை மீனைத் தொட்டி வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை மீனுக்குப் பதிலாக ஓர் இறால் துண்டை இட்டு அழுகவிட்டோம். நாள்தோறும் மாலையில் சிறு கண்ணாடிக் குழலில் நீரெடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறம் பார்த்துக் குறித்தோம். அம்மோனியா ஏறிற்று, இறங்கிற்று. நைட்ரைட் ஏறிற்று, இறங்கிற்று. 38ஆம் நாள் இரண்டும் இல்லை என்று நிறம் காட்டியது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மையார் அந்நாள்களில் வந்து வந்து பார்ப்பார். மீனே இல்லாத தொட்டியை ஐந்து பேர் உட்கார்ந்து பார்க்கும் வீடு அவருக்கு வியப்பாக இருந்திருக்கும். “உப்பு நீள்ளா? சேப்பலு ஏவி?” என்று கேட்பார். உப்புத் தண்ணீர் சரி, மீன்கள் எங்கே என்பது அவர் கேள்வி. “இன்னும் வரல அம்மா” என்பது எங்கள் அன்றாட விடை.

பின்னர் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்க்கப்பட்டவை. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இம்மீனைக் கரையிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கண்டு பரப்பியிருக்கின்றன. கடலிலிருந்து பிடித்த மீனன்று என்பதில் எங்களுக்கு ஒரு நிறைவு.

ஆனால் தொட்டியில் பவளம் இல்லை. மகள் கேட்டாள்: “பவளமே இல்லாட்டி இதை எப்படிப் பவளப்பாறைன்னு சொல்றது?”

அவ்வாரமே ஒருவர் கைப்பேசியில் எங்களுக்குச் சில படங்கள் காட்டினார். மூளைபோல் மடிந்தது ஒன்று, மான்கொம்புபோல் கிளைத்தது ஒன்று, ஊதா நுனியுடன் பூத்தது ஒன்று. “நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும், யாருக்கும் தெரியாது” என்றார். விலையும் எட்டாததன்று.

பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளமும் கடல்விசிறியும், 2001ஆம் ஆண்டில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அவற்றுக்கும் உண்டு. உயிருள்ளதை மட்டுமன்று, இறந்த பவளத்தின் கூட்டைக் கடலிலிருந்து எடுத்து வைத்திருப்பதும் குற்றமே. இது எங்களுக்குத் தெரியும். ஆயினும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்றிரவு நாங்கள் உடனே மறுக்கவில்லை. ஒரு சிறு துண்டுதானே, கடலில் எவ்வளவோ இருக்கிறதே, நாம் நன்றாக வளர்ப்போமே என்றெல்லாம் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

எங்களைத் தடுத்தது சட்டமன்று, ஒரு சுவர்.

மண்டபத்தை அடுத்த எங்கள் பூர்விக வீட்டின் பின்கட்டுச் சுவர் செங்கல்லால் ஆனதன்று. கடலிலிருந்து வெட்டியெடுத்த கல்லால் ஆனது. காரை உதிர்ந்த இடங்களில் கல்லின் மேல் பூப்பூவாக அச்சுகள் தெரியும். சிறுவயதில் ஒவ்வொரு பூவிலும் விரலை வைத்து எண்ணுவது ஒரு விளையாட்டு. அந்தப் பூக்கள் ஒவ்வொன்றும் ஒரு பவள உயிர் குடியிருந்த அறை என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று, சிறு விலங்கு. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்து அதற்கும் ஊட்டுகிறது. அந்த உணவின் வலிமையால் அது சுண்ணாம்பை இழைத்து வீடு கட்டுகிறது. அந்த வீட்டை வெட்டித்தான் எங்கள் முன்னோர் எங்களுக்கு வீடு கட்டினார்கள்.

அவர்கள் மட்டுமல்லர். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் பவளம் வெட்டப்பட்டது. 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் அது உடனே நிற்கவில்லை. அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் அலை தீவை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். எஞ்சிய பாறைகளுக்கு வெப்பம் பகையாயிற்று. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரு பாகை கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா அவ்வாறு வெளுத்தது. எங்கள் குடும்பம் கடலிடமிருந்து தன் பங்கை ஏற்கனவே எடுத்துக்கொண்டாயிற்று. அது பின்கட்டுச் சுவராக நிற்கிறது. இன்னொரு துண்டு கேட்க எங்களுக்கு வாயில்லை.

இந்த ஆசையும் இதன் விலையும் பழையவை. கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர் பிலிப் ஹென்றி காஸ். 1854இல் அவர் எழுதிய நூல், வீட்டுக்கு வீடு தொட்டி வைக்கும் மோகத்தைக் கிளப்பியது. அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் மகன் எட்மண்ட் காஸ் தம் தந்தையைப் பற்றி எழுதுகையில், அந்த மோகத்தால் ஊர்க் கடற்கரைகளின் பாறைக் குட்டைகள் எவ்வாறு சூறையாடப்பட்டன என்று வருந்துகிறார். கடலை நேசிக்கக் கற்றுக்கொடுத்தவரே அறியாமல் அதன் அழிவுக்கும் வழிகாட்டிவிட்டார். நம் சென்னையும் இதில் பிந்தியதன்று. 1909இலேயே மெரினாக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இயந்திரம் எதுவுமின்றி உயிருள்ள பாறைத் துண்டுகளும் காற்றுக் குமிழிகளும் கொண்டே கடலைத் தொட்டியில் வாழவைக்கும் முறையை எழுதினார். அவர் அருகே செழித்த கடல் இருந்தது. நம் காலத்தில் அந்தச் செழிப்பை யாரும் கேளாமல் எடுத்துக்கொள்ள இயலாது.

மறுநாள் மகளிடம் சொன்னோம்: “பவளம் வராது. ஆனா அது வாழுறதுக்குத் தகுந்த தண்ணியை நாம வச்சிருப்போம்.” அவள் முகம் வாடியது உண்மை. காரணத்தைச் சொன்னோம். சுவரைப் பற்றியும் சொன்னோம்.

2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்சாம் புயல் இக்கரையை ஒட்டிச் சென்றது. மின்சாரம் மாலையிலேயே நின்றது. ஓட்டம் நின்ற நீரில் உயிர்வளி சில மணி நேரத்தில் குறைந்துவிடும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக்கருவி நள்ளிரவில் ஓய்ந்தது. அதன்பின் செய்யக்கூடியது ஒன்றே: குவளையால் நீரை முகந்து, ஒரு முழ உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுவது. விழும் நீர் காற்றை உடன் கொண்டுபோகும். நாங்கள் இருவரும் முறைவைத்து ஊற்றினோம். மெழுகுவர்த்தி வெளிச்சம் கண்டு பக்கத்து வீட்டு அம்மையார் குடையுடன் வந்தார். நிலைமையை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, எங்கள் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டார். “மீரு கொஞ்சம் படுக்கோண்டி” என்று இரு மொழியையும் கலந்து அவர் சொன்னது இன்னும் செவியில் இருக்கிறது. விடியற்காலை வரை வெளியே மழையோசை. உள்ளே எங்கள் குவளையோசை. இரண்டு மீன்களும் பிழைத்தன.

அந்தத் தொட்டி எங்களுக்குக் கற்பித்தது சிறு பாடமே. நாள்தோறும் இரண்டு லிட்டர் நீர் ஆவியாகிப் போகும்; உப்பு போகாது. ஆகவே குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றக் கூடாது. நன்னீரே ஊற்ற வேண்டும். தெரியாதவர் பரிவுடன் உப்புநீரை ஊற்றி ஊற்றியே மீனைக் கொன்றுவிடுவார். இடம் பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களை நினைத்துக்கொள்கிறோம். ஊரின் உப்பு நம்மைவிட்டு எளிதில் போவதில்லை. அது போய்விடுமோ என்று அஞ்சி, பிள்ளைகள்மேல் நாம்தாம் நாளுக்கு நாள் அதைக் கூட்டிக் கொண்டிருக்கிறோம். நாள்தோறும் வேண்டியது, வாழும் ஊரின் நன்னீர்தான். அந்தப் புயலிரவில் குவளையைக் கைமாற்றிக்கொண்ட அன்பைப் போன்றது.

அடுத்த ஆண்டு ஆனியில் ஒரு காலை, மகன் தொட்டியருகே நின்று கத்தினான். செயற்கைக் கல் ஒன்றின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஊதாப் படலம். துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. கல்லாய் இறுகியிருந்தது. பாறையின்மேல் சுண்ணாம்பு படியவிட்டு வளரும் செங்கடற்பாசி அது. கடலில் உடைந்த பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாறையாக்குவதும், பவளக் குஞ்சுகள் வந்து அமர இடந்தருவதும் அதுதான். கொளத்தூரில் வாங்கிய சிறு நத்தைகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நாங்கள் அதை வாங்கவில்லை, வெட்டவில்லை. நீர் சரியாக இருந்தது; தானே வந்தது.

அக்கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது மகள் பின்கட்டுக்குப் போய்ச் சுவரின்முன் நெடுநேரம் நின்றாள். காரை உதிர்ந்த இடத்தில் விரல் வைத்து ஒவ்வொரு பூவாக எண்ணினாள். அறுபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு, ஆச்சியிடம் கேட்டாள்: “இதுல எல்லாம் ஒண்ணொண்ணா உசுரு இருந்துச்சா ஆச்சி?”

ஆச்சி சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “எங்களுக்குத் தெரியாதும்மா” என்றார்.

ஸ்ரீ சிட்டிக்குத் திரும்பிய அன்று, பெட்டிகளைக்கூடப் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் நாங்கள் இல்லாத நாள்களில் நாள் தவறாமல் ஊற்றிய நன்னீரின் அளவைச் சுவர் நாள்காட்டியில் தெலுங்கு எழுத்தில் குறித்து வைத்திருந்தார். மகள் அதற்குக் கீழே தமிழில் அன்றைய தேதியை எழுதினாள், குவளையை எடுத்தாள், இரண்டு லிட்டர் அளந்து ஊற்றினாள்.